காத்திருக்கும் நாடு

ஒன்றன்மேல் ஆர்வம் பிறந்த நாளை மாந்தர் நன்கு நினைவில் வைத்திருப்பர். அவ்வார்வம் நீங்கிய நாளையோ பெரும்பாலோர் அறியார். விளக்கில் எண்ணெய் குறைவதுபோல் அது மெல்லக் குறைந்து, இருள் சூழ்ந்த பின்னரே புலனாகும். யாம் மூன்றாண்டு பெருவிருப்புடன் ஆடிவந்த கணினி விளையாட்டு ஒன்று எமக்குச் சுவையற்றுப்போன வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். கல்லூரி மலரில் விளையாட்டைப் பற்றிய கட்டுரையோ என நகைப்பார் உளராயின், விடுதியில் விளக்கணைந்த பின்னரும் எத்துணை அறைகளில் திரையொளி தெரிகின்றது என்பதை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

அவ்விளையாட்டின் பெயர் ஸ்கைரிம் என்பது. அமெரிக்க நாட்டுப் பெதஸ்டா நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் ஐந்தாம் எண் பெற்ற இது, 2011-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் வெளிவந்தது. ஆறு கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றுள்ளன என்று அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023-ஆம் ஆண்டிற் கூறினார். பனிமலைகள் செறிந்த வடபுலம் ஒன்றில் கதை தொடங்குகின்றது. ஆடுவோர் கைகள் கட்டுண்ட சிறையாளராய் வண்டியில் ஏற்றிச் செல்லப்படுகின்றார். கொலைக்களத்தில் தலைசாய்த்த வேளையில், டிராகன் எனப்படும் பறக்கும் பெருநாகம் ஒன்று வானினின்று இறங்கி ஊரை எரிக்கின்றது. அக்குழப்பத்தில் உயிர்தப்பி வெளியேறிய பின்னர், எத்திசையிற் செல்வதென்பது அவரவர் விருப்பமே.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், எம் தமையனார் விட்டுச்சென்ற பழைய கணினியில் இதனை முதன்முதல் ஆடினோம். குகையினின்று வெளிப்பட்டு, மரச்செறிவுக்கு அப்பால் நின்ற மலைகளைக் கண்ட கணம் இன்றும் நினைவில் உளது. அங்குத் தோன்றும் மலைமுடி வெறும் ஓவியம் அன்று, நடந்து சென்றே அதன் உச்சியை அடையலாம் என்று அறிந்தபோது எமக்கு உண்டான உவகைக்கு அளவில்லை. இரவில் வடமுனையொளி பச்சைத் திரையென வானில் அசையும்; யாம் வாளை உறையிலிட்டு வாளா நோக்கி நிற்போம்.

தமிழ் பயில விரும்பிய எமக்கு மற்றோர் ஈர்ப்பும் இருந்தது. அவ்விளையாட்டை ஆக்கியோர் டிராகன்களுக்கெனத் தனிமொழியும் தனியெழுத்தும் வகுத்து, அவற்றைப் பாழ்மண்டபச் சுவர்களிற் கல்வெட்டெனப் பொறித்திருந்தனர். நெருப்பை உமிழ்தலே அவ்வுயிர்களுக்குப் பேச்சு. அவற்றின் போரெல்லாம் சொற்போரே. சொல்லுக்கு இத்துணை ஆற்றல் தந்த கற்பனையை வியந்து, அவ்வெழுத்துக்களைக் கணக்கேட்டின் பின்பக்கங்களில் எழுதிப் பழகினோம். அதற்குரிய பரிசைக் கணக்காசிரியரிடம் தவறாது பெற்றோம்.

கல்லூரியின் முதலாண்டில் சலிப்புத் தலைகாட்டிற்று. எத்துணையோ குகைகளிற் புகுந்த பின்னர், புதுக்குகையும் பழைய குகைபோன்றே தோன்றலாயிற்று. கல்லறையினின்று எழும் பிணங்கள் மாறவில்லை. இறுதியறையிலுள்ள பேழையும் மாறவில்லை. ஏவல்கள் தீர்ந்துபோகாதவாறு புதியன தாமே பிறக்கும் பொறியமைப்பு ஒன்றும் அதில் உண்டு. அவற்றில் ஊர்ப்பெயர் மாறும், ஆட்பெயர் மாறும், செய்தொழில் மாறாது. செல்லவேண்டிய இடத்தைத் திசைகாட்டியே சுட்டிவிடுதலின், வழியை நோக்கும் வழக்கமும் எம்மைவிட்டு அகன்றது. வின்டர்ஹோல்டு என்னும் ஊரில் மந்திரக் கல்லூரி ஒன்று உளது. தொடக்கநிலை மந்திரம் ஒன்றைச் செய்துகாட்டி உட்புகுந்தவர், பாடம் பெரிதும் படியாமலே அக்கல்லூரியின் தலைவராகிவிடலாம். நன்னூற் சூத்திரங்களோடு நாடோறும் போராடிக்கொண்டிருந்த எமக்கு, உழைப்பின்றிக் கிடைத்த அத்தலைமை இனிக்கவில்லை.

ஆயினும் இவையெல்லாம் சலிப்பே. சலித்தவன் சின்னாள் கழித்து மீண்டும் ஆடுவான். யாமும் அவ்வாறே ஆடினோம். எம் மனத்தை மாற்றியது விளையாட்டிற்கு வெளியே நிகழ்ந்த ஒன்று.

எம் பாட்டனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தாமிரவருணிக் கரையிலுள்ள சிற்றூரில் எம்முடன் வாழ்கின்றார். சில ஆண்டுகளாக அவர்தம் கண்ணொளி மங்கிவிட்டது. எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை 1894-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில் அவருக்குப் பெரும்பற்று உண்டு. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாலைதோறும் எம் அறை வாயிலில் வந்து நின்று, “ஐயா, கை ஓய்ந்திருந்தால் இரண்டு பாட்டு வாசித்துக் காட்டுகிறாயா?” என்று கேட்பார். “இதோ வருகிறேன், தாத்தா” என்று திரையினின்று கண்ணெடாமலே விடை கூறுவோம். அவர் சிறிது நேரம் நின்று, சுவரைத் தடவிக்கொண்டே திண்ணைக்கு மீள்வார். யாம் செல்லும்போது பெரும்பாலும் அவர் உறங்கியிருப்பார்.

ஒருநாள் மாலை அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் அருந்த வெளியே வந்தபோது திண்ணையிலிருந்து வாசிக்கும் குரல் கேட்டது. அண்டைவீட்டுச் சிறுமி, ஏழாம் வகுப்பிற் பயில்பவள், அந்நூலை மடியில் விரித்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். சொற்களைப் பிரிக்கலாகா இடத்திற் பிரித்தாள். நிறுத்தலாகா இடத்தில் நிறுத்தினாள். பாட்டனார் கண்களை மூடியவாறே ஒவ்வோர் அடியையும் திருத்தி, “நன்று, அம்மா, நன்று, மேலே படி” என்றார். வாயிலில் நின்ற எம்மை அவர் காணவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் பேரன் வீட்டில் இருக்க, எழுத்துக்கூட்டும் சிறுமியிடம் அவர் தமிழ் கேட்டார். அவர் எம்மைக் கடிந்திருந்தால் ஒருவாறு ஆறுதல் பெற்றிருப்போம். கேட்பதை விட்டொழிந்தார் என்பதே எம்மைச் சுட்டது.

அன்றிரவு பழக்கத்தால் விளையாட்டைத் திறந்தோம். ரிவர்வுட் என்னும் சிற்றூரில் கடைக்காரன் ஒருவன் உளன். களவுபோன பொன்னாலாய நகவுரு ஒன்றை மீட்டுத் தருமாறு அவன் ஆடுவோரை வேண்டுவான். யாம் அதனை மீட்டுப் பல மாதங்கள் ஆகியும், அவனிடம் கொடாமல் பையிலேயே வைத்திருந்தோம். அன்று சென்று கொடுத்தோம். நேற்றுக் கேட்டு இன்று பெற்றவன்போல் அவன் மகிழ்ந்தான். அம்மகிழ்ச்சியைக் கண்டு எமக்கு உள்ளம் கூசிற்று. அந்நாட்டில் உலகையே விழுங்க வந்த டிராகனும், யாம் மலர் பறித்துத் திரியும் மாதமெல்லாம் பொறுத்திருக்கும். பெரும்பாலும் எவரும் எம்மை எதிர்பார்த்து ஏமாந்து, வேறொருவரை நாடிச் செல்வதில்லை. எமக்காக எல்லாம் காத்திருத்தலே அந்நாட்டின் இனிமை என முன்பு நினைத்தோம். யாம் காலந்தாழ்த்தால் எதுவும் கெடாத இடத்தில், யாம் வருவதாலும் பொருளொன்றும் இல்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

இதனால் அவ்விளையாட்டைப் பழிப்பது எம் கருத்தன்று. அது தருவதாகச் சொன்னதைத் தந்தது. யாமே அதன் இயல்பை வீட்டிற்குள்ளும் கொண்டுவந்து, பாட்டனாரும் காத்திருப்பார் என நம்பினோம்.

மறுநாள் மாலை அழையாமலே திண்ணைக்குச் சென்று, “நானும் படிக்கலாமா, தாத்தா?” என்றோம். “முறைப்படி அவளிடம் கேள்” என்றார் பாட்டனார். அச்சிறுமி சற்று எண்ணிப் பார்த்து, தனக்கு இரண்டு பாட்டும் எமக்கு ஒரு பாட்டுமாகப் பங்கிட்டாள். விடுமுறை முடியும்வரை அப்பங்கு மாறவில்லை.

விளையாட்டு இன்னும் எம் கணினியில் உளது. எம் வீரன் யாம் விட்டுவந்த பனிச்சரிவிலேயே நிற்கின்றான். எத்துணை நாளாயினும் நிற்பான். இம்முறை விடுமுறைக்கு இன்னும் பதினெட்டு நாள்கள் உள. பாட்டனாருக்கு ஒரு பாட்டேனும் பிழையறப் படித்துக்காட்ட வேண்டுமென்று, இரவில் விடுதியில் விளக்கணையுமுன் சீர்பிரித்துப் பழகி வருகின்றோம்.