காது அறாத பை

மஞ்சப்பை தைக்கும் மகளிர் குழுவின் கூடத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பையின் காதை. ஈரோட்டுப் பக்கம் விசைத்தறியில் நெய்த காடாத் துணியை அளந்து வெட்டுவது, பக்கம் சேர்ப்பது, வாயை மடித்து அடிப்பது எல்லாம் மளமளவென்று முடிந்துவிடுகின்றன. காதுக்குத்தான் வேலை அதிகம். பட்டைத் துணியின் இரு ஓரங்களையும் உள்ளே மடித்து ஓட்டி, நுனியைப் பையின் வாயோடு வைத்துக் கட்டமாகச் சுற்றித் தைத்து, கட்டத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்குத் தையல் போட வேண்டும். அது இருந்தால் பை காய்கறிச் சுமையைத் தாங்கும். ஒற்றை ஓட்டோடு விட்டால் சில வாரங்களில் காது அறும். பீஸ் ரேட்டில் கூலி வாங்கும் பெண்ணுக்கோ அந்தக் குறுக்குத் தையல் நேர நஷ்டம். நெகிழிக்கு எதிரான விழிப்புணர்வு நிலைப்பதும் நிலைக்காததும் இந்த இரண்டு அங்குலத் தையலைப் பொறுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி வீசும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. அதன்பின் ஊர்தோறும் பேரணி, கோலப்போட்டி, துணிப்பை வழங்கும் விழா என்று மக்கள் உற்சாகமாக இறங்கினார்கள். ஆனால் துணிப்பை கொடுத்தாலே கடமை முடிந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பருத்தி விளைவிக்கவும் சாயம் ஏற்றவும் தண்ணீரும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலை பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே நெகிழிப் பைக்கு ஈடாக ஒரு சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்குப் போனால் ஓராண்டு. காது அதுவரை தாங்க வேண்டும்.

இதே ஆய்வு எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்து 7,100 முறை என்கிறதே, அப்படியானால் நெகிழியே மேல் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. தெருவிலும் நீர்நிலையிலும் வீசப்படும் பையால் வரும் கேடு அந்தக் கணக்கில் சேரவில்லை. சாக்கடை அடைத்து மழைநீர் வீட்டுக்குள் வரும் நம் ஊர்களில் அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது. துணிப்பை விலை அதிகம் என்பது அடுத்த வாதம். கோயம்பேட்டுச் சந்தையில் வைத்த மஞ்சப்பை இயந்திரம் 10 ரூபாய்க்குப் பை தந்தது. 52 முறை எடுத்துப் போனால் ஒரு தடவைக்கு 20 பைசாகூட ஆகாது. சட்டத்தைக் கடுமையாக்கினால் போதாதா என்போரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உற்பத்தியைத் தடுக்காமல் கடைக்காரரை மட்டும் பிடிப்பதில் பயனில்லை. ஆனாலும் நெகிழியை விட்டவர் கையில் உருப்படியான மாற்று இல்லாவிட்டால், மறுபடி பழைய வழிக்கே போவார்.

ஆகவே விழா நடத்துகிறவர்கள் எத்தனை பை கொடுத்தோம் என்பதோடு, எப்படித் தைத்த பை என்பதையும் கேட்க வேண்டும். குறுக்குத் தையலுக்குத் தனிக் கூலி பேசித்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். அதைவிட நல்லது, பழைய வேட்டியும் சேலையும் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பெண்களையே ஆசிரியர்களாக்கி, ஊரார் கண்முன் பை தைக்க வைப்பது. பழந்துணிக்காகப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை. தையல் தெரிந்த வீட்டில் அறுந்த காதும் குப்பைக்குப் போகாது. அந்த உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுப்பதில்தான் நம் அக்கறை மெய்ப்பட வேண்டும்.