உபதேசியார்

தமிழ் முதுகலை வகுப்பில் கிறித்தவ இலக்கியம் என்பது பெரும்பாலும் ஒரு பெயர் வரிசையாகவே நின்றுவிடுகிறது. சீகன்பால்கு, வீரமாமுனிவர், வேதநாயக சாஸ்திரியார், எச்.ஏ. கிருட்டிணபிள்ளை என்று மாணவர்கள் தடையின்றி ஒப்பிப்பார்கள். இலக்கணம், அகராதி, காவியம், கீர்த்தனை என ஆளுக்கொரு பங்களிப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த வரிசையில் என்றும் இடம்பெறாத ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அவர் பெயர் இராசநாயக்கன். காவியம் இயற்றியவர் அல்லர்; இலக்கணம் எழுதியவர் அல்லர். நாற்பதாண்டுகளுக்கு மேல் உபதேசியாராக இருந்து, உபதேசியாராகவே இறந்தவர்.

உபதேசியார் என்ற சொல் வாசகர்களில் பலருக்கு அறிமுகமற்றதாக இருக்கலாம். திருமுழுக்குக் கொடுக்கவும் திருவிருந்து பரிமாறவும் குருப்பட்டம் பெற்ற ஐயருக்கு உரிமை உண்டு. உபதேசியாருக்கு அது கிடையாது. அவர் ஊர் ஊராகப் போய் வேதம் வாசிப்பார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், நோயாளியின் அருகில் அமர்ந்து செபிப்பார், சாவு வீட்டில் முதல் ஆளாய் நிற்பார். ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும் சிற்றூரில், அன்றாடம் இருப்பவர் உபதேசியார்தான். என் தந்தையும் ஓர் உபதேசியார். எனவே இராசநாயக்கனின் கதை எனக்குப் பாடநூற்செய்தியாக மட்டும் வந்து சேரவில்லை.

நான் வாழும் காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். இங்கிருந்து வடக்கே கோட்டுச்சேரியைக் கடந்து, நண்டலாற்றைத் தாண்டி, பொறையாறு வழியாகப் போனால் தரங்கம்பாடி. பேருந்தில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அது 1620இலிருந்து 1845வரை டேனிஷ்காரரிடம் இருந்தது. அந்தக் கடற்கரையில் 1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்கு வந்திறங்கியதை நம் மாணவர்கள் அறிவார்கள். வந்த இரண்டரை ஆண்டுகளுக்குள் அவர் சிறையில் கிடந்ததைச் சிலரே அறிவார்கள். அவரைச் சிறையிட்டவர் தஞ்சை மன்னரும் அல்லர், உள்ளூர்க் கோயிலாரும் அல்லர். எந்த டென்மார்க் அரசர் அவரை அனுப்பினாரோ அதே அரசரின் கொடியின்கீழ் இருந்த டேன்ஸ்பர்க் கோட்டையின் தளபதி ஹாசியுஸ். ஏழை விதவை ஒருத்திக்காகச் சீகன்பால்கு வழக்காடியதும் அந்தப் பகைக்கு ஒரு காரணம். 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை நான்கு மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். தாளும் மையும்கூட மறுக்கப்பட்டன. வெளியே வந்து, தாம் முன்பே தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார்.

அதன் பின்னும் இடையூறு சொந்த வீட்டிலிருந்தே வந்தது. தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை 1713இல் அவர் எழுதி அனுப்பினார். ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்த அவருடைய ஆசான்கள் அதை அச்சிட மறுத்தார்கள். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் கேள்வி. அந்நூல் வெளிவந்தது 1867இல்தான். 1719 பிப்ரவரியில் அவர் இறந்தபோது வயது 36.

இராசநாயக்கனின் கதை இந்த அச்சுப் பணியிலிருந்துதான் கிளைக்கிறது. தரங்கம்பாடியில் 1714இல் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் தமிழில் அச்சாயின. சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் அப்படியொரு படி தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரராக இருந்த இராசநாயக்கன் கையில் சிக்கியது. அவர் பறையர் குலத்தவர். தலைமுறைகளாகக் கத்தோலிக்கக் குடும்பம். படித்தவர், மீண்டும் மீண்டும் படித்தார். தரங்கம்பாடிக்குச் சென்று அங்குள்ள சபையில் சேர்ந்தார். படைவேலையை விட்டு உபதேசியாரானார். ஐரோப்பியக் குருமார் தஞ்சை நாட்டுக்குள் எளிதில் நுழைய முடியாதிருந்த காலம் அது. ஊர்களுக்குள் நடந்து சென்று புத்தகத்தை விரித்து வாசிக்க இராசநாயக்கன் போன்றோரால்தான் முடிந்தது.

பழைய சபையை விட்டதால் பகை மூண்டது. சில ஆண்டுகளில் அவர் குடும்பத்தின் மேல் தாக்குதல் நடந்தது. அதில் அவருடைய தந்தை உயிரிழந்தார். மகன் ஒரு புத்தகத்தை வாசித்து ஒரு முடிவெடுத்தான். அதற்குரிய விலையைத் தந்தை கொடுத்தார். அவரிடம் யாரேனும் சம்மதம் கேட்டார்களா என்பது எந்த வரலாற்றிலும் எழுதப்படுவதில்லை.

இனிதான் எனக்கு மிகவும் கடினமான பகுதி. 1733இல் தரங்கம்பாடிச் சபையார் இந்தியர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்க முடிவுசெய்தபோது பரிசீலனையில் இருந்தவர்களுள் இராசநாயக்கனும் ஒருவர். அவருடைய உழைப்பிலும் அறிவிலும் ஒழுக்கத்திலும் குறை காணப்படவில்லை. ஆயினும் மேற்சாதிக் கிறித்தவர்கள் அவரைத் தங்கள் வீட்டுக்குள் அழைக்கமாட்டார்கள், அவர் கையால் திருவிருந்து பெறத் தயங்குவார்கள் என்று சபையார் கருதினர். கடலூரில் பிறந்த, வேளாளரான ஆரோன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1733 டிசம்பர் 28ஆம் நாள் இந்தியாவின் முதல் சீர்திருத்த சபைக் குருவாக அவர் பட்டம் பெற்றார். ஆரோனும் தகுதியுடையவரே, 1745இல் இறக்கும்வரை ஓயாமல் உழைத்தவர். அவரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1741இலும் 1749இலும் மீண்டும் குருப்பட்டங்கள் வழங்கப்பட்டன. அப்போதும் இராசநாயக்கனின் முறை வரவில்லை.

அவர் போய்விடவில்லை. 1771இல் இறக்கும்வரை தஞ்சைச் சீமையின் ஊர்களில் உபதேசியாராகவே பணிசெய்தார். தந்தையைப் பலிகொடுத்துச் சேர்ந்த சபை, உன் கையால் அப்பம் வாங்கமாட்டோம் என்றதற்குப் பின்னும் ஏறத்தாழ 38 ஆண்டுகள்.

விசுவாசத்தில் நிலைத்திருத்தல் என்பதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புறப்பகையைப் பற்றியே பேசுகிறார்கள். வாளுக்கும் சிறைக்கும் அஞ்சாதவரைப் போற்றுவது எளிது. அங்கே எதிரி யாரென்பது தெளிவாக இருக்கிறது. தன் வீட்டாரே இருக்கை மறுக்கும்போது அந்த வீட்டின் வேலையைச் செய்துகொண்டிருப்பதற்கு எந்தக் காவியத்திலும் துறை வகுக்கப்படவில்லை. அதை அடிமைத்தனம் என்று சொல்வாரும் உண்டு. அவர்களை நான் மறுக்க முனையவில்லை. ஆனால் அவர் யாருக்காக நின்றார் என்பதையும் பார்க்க வேண்டும். குருப்பட்டம் தர மறுத்தவர்கள் தரங்கம்பாடியில் இருந்தார்கள். அவர் வாசிக்கக் கேட்டவர்கள் தஞ்சைச் சீமையின் சேரிகளில் இருந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தால் இழப்பு யாருக்கு நேர்ந்திருக்கும்?

என் தந்தையிடம் இப்படியெல்லாம் பேசியதில்லை. அவருடைய உலகம் ஒரு மிதிவண்டி, ஒரு வேதாகமம், ஒரு ஞானப்பாட்டுப் புத்தகம், மனு எழுதுவதற்கான ஒரு கட்டு வெள்ளைத்தாள். மயிலாடுதுறைப் பக்கத்துச் சிற்றூர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுற்றினார். சம்பளம் குறித்த நாளில் வந்ததாக அம்மா சொன்னதில்லை. முதியோர் உதவித்தொகை, பட்டா, குடும்ப அட்டை என எந்தச் சமயத்தவர் வந்து கேட்டாலும் மனு எழுதிக்கொடுப்பார்.

என்னைப் பள்ளியில் சேர்த்த நாளைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறாள். தலைமையாசிரியர் நல்ல மனிதர். பேனாவை எடுத்தவர், "உபதேசியாரே, இந்துன்னே போட்டுடட்டுமா? பிள்ளைக்கு நாளைக்கு உதவும்" என்று கேட்டாராம். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வேண்டாம் சார். ஞாயித்துக்கிழமை நான் சொல்றது ஒண்ணு, திங்கக்கிழமை எழுதிக் கொடுக்கறது ஒண்ணுன்னா அந்த சனங்க முகத்தை நான் எப்படிப் பாக்கறது?" என்றாராம்.

அந்த ஒரு சொல்லின் பொருள் எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் எங்களைப் போன்றோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். ஊர் எங்களை அழைக்கும் பெயர் மட்டும் மாறவில்லை. தேநீர்க்கடையிலும் சுடுகாட்டுப் பாதையிலும் எங்களிடம் யாரும் சமயச் சான்றிதழ் கேட்டதில்லை. என் பெரியப்பா மகன் பள்ளிப் பதிவேட்டில் இந்து. 23ஆவது வயதில் அரசு வேலைக்குப் போனான். நான் ஒன்பதாண்டுகள் மணிக்கணக்குச் சம்பளத்தில் தமிழ் கற்பித்தேன். அவன் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருபவன், என்னைவிடப் பக்தியுள்ளவன். அவனைக் குற்றஞ்சாட்ட என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. முடிவெடுத்தவர் அப்பா, விலை கொடுத்தவன் நான். தந்தை உயிர்விட்ட இராசநாயக்கனின் வீட்டில் நடந்ததுதான், வரிசை மாறி, எங்கள் வீட்டில் சிறிய அளவில் நடந்தது.

பல ஆண்டுகள் அப்பாவின்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அது குறையத் தொடங்கியது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் கடற்கரைக் குப்பங்கள் பலவற்றைக் கடல் வாரிச் சுருட்டியது. ஓய்வுபெற்று என்னுடன் வந்து தங்கியிருந்த அப்பா மறுநாளே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனார். மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார். நிவாரண லாரிகள் வருவதும், எந்தச் சமயத்தார் என்ன நோக்கத்துடன் வருகிறார் என்ற ஐயம் பரவுவதுமாக இருந்த நாட்கள் அவை. ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன். இளைஞர் ஒருவர் மறித்து, "பெரியவரே, மதம் மாத்தத்தானே வர்றீங்க?" என்று கேட்டார். அப்பா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "இது படகு இழப்பீட்டு மனு தம்பி. உங்க அப்பா பேரு சொல்லுங்க, எழுதிடலாம்" என்றார். அந்த இளைஞர் சற்றுத் தயங்கிவிட்டுத் தந்தை பெயரைச் சொன்னார். அது முந்தின நாள் அடக்கம் செய்யப்பட்டவரின் பெயர். அப்பா எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். செபம் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சொல்லும் திங்கட்கிழமை எழுத்தும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அவர் கேட்டதன் பொருள் எனக்கு அங்கே விளங்கியது. தாம் யாரென்பதை எங்கும் மறைக்காதவர் ஆதலால் அவர் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை; வேலையைப் பார்த்தார்.

இப்போது என் மகளின் முறை. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். உறவினர்கள் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். தாய்மதம் திரும்பி, சொந்தச் சாதியார் ஏற்றுக்கொண்டால் பட்டியல் சாதி நிலை மீளும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. ஒரு சடங்கும் ஓர் அரசிதழ் அறிவிப்பும் போதும் என்கிறார்கள். அதே நீதிமன்றம், புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், கிறித்தவராகவே வாழ்ந்துகொண்டு சலுகைக்காக இந்து என்று கோருவது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று 2024 நவம்பரில் கூறியதையும் நான் அவர்களுக்கு நினைவூட்டினேன். சமயம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டதையும் சொன்னேன். "ஆணையம் முடிக்கறதுக்குள்ள உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடும்" என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டோம்.

நான் மகளிடம் இராசநாயக்கனின் கதையைச் சொன்னேன். அறிவுரையாகச் சொல்லிவிடக் கூடாதென்று கவனமாகவே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள், "அவரோட அப்பா பேரு என்னப்பா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "தாத்தா உங்கள கேட்டாரா, இந்துன்னு எழுத வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி?" என்று அடுத்துக் கேட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பார் என்றேன். "நான் சின்னப் பிள்ளையில்ல" என்றாள்.

அவள் சொல்வது சரி. நிலைத்திருத்தலின் விலையை ஒருவர் தனியாகக் கொடுத்துவிட முடிவதில்லை. மனைவியும் மக்களும் பெற்றோரும் அதில் பங்கு கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, அவர்களைக் கேட்காமல் எடுக்கும் உறுதிக்கு எவ்வளவு மேன்மை இருந்தாலும் ஒரு கடனும் இருக்கிறது. அப்பா அந்தக் கடனை உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். எனக்கு நிரந்தர வேலை கிடைத்த அன்று இரவு அவர் என் அறைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கல்லூரி விண்ணப்பப் படிவம் வந்ததும் பேனாவை மகளிடமே கொடுத்துவிடுவதென்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். சமயம் என்ற கட்டத்தில் அவள் எதை எழுதினாலும் அதற்குரிய விலையில் எங்கள் பங்கை நாங்கள் கொடுப்போம்.