பழைய வழக்கும் புதிய பொய்யும்

அரசாங்க வேலைக்கு மனுப் போட்ட பிள்ளைகள் ஈப்போ புந்தோங்கில் என்னைத் தேடி வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "ஐயா, தாப்பிசானில் (பாதுகாப்புச் சோதனையில்) பழைய கேஸ் வந்தால் வேலை போய்விடுமா?" போகலாம், போகாமலும் இருக்கலாம். எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மாரியம்மன் திருவிழாவில் யார் காவடி முன்னால் போவது என்று மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் தகராறு. பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பை எடுத்து ஒருவன் தோளில் ஓங்கி அடித்தேன். தோள் வீங்கிப் போய், வாரக்கணக்கில் அவனால் வாளி தூக்க முடியவில்லை. அவன் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன்.

சில வருடம் கழித்து அரசாங்க இலாகா ஒன்றில் எழுத்தர் வேலைக்கு அழைப்பு வந்தது. பாதுகாப்புச் சோதனைப் பாரத்தில், 'குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா?' என்று ஒரு கேள்வி. தாய்மாமன் தயங்கவே இல்லை. "யாருக்குத் தெரியப்போகுது மாப்ள, இல்லைன்னு போட்டுடு" என்றார். தோட்டத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "உன் ஐ.சி. நம்பரும் கைரேகையும் அவங்ககிட்ட இருக்கு தம்பி. மறைச்சா, அடிச்சதுக்காகத் தள்ள மாட்டாங்க, மறைச்சதுக்காகத் தள்ளுவாங்க."

அவர் சொன்னது சரி. குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் விவரத்தைப் பதிந்து வைப்பதற்கென்றே 1969இல் நம் மலேசியாவில் சட்டம் வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதினேன். கை நடுங்கியது.

விசாரித்த அதிகாரி மலாய்க்காரர், வயதில் மூத்தவர். அடித்த கதையைச் சீக்கிரமே முடித்துவிட்டார். மற்ற கேள்விகள்தான் நீண்டன. அப்போது என்ன வயது? குடித்திருந்தாயா? அதன்பிறகு ஏதாவது உண்டா? கடன் இருக்கிறதா? இந்த வழக்கை வைத்து உன்னை யாராவது மிரட்ட முடியுமா? கடைசிக் கேள்வி அப்போது எனக்கு விளங்கவில்லை. பாதுகாப்புச் சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று பல வருடம் கழித்துப் புரிந்தது. மறைத்து வைத்த குற்றம் உள்ளவனிடம், அதைச் சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்தி எவனும் கோப்பிலுள்ள ரகசியத்தைக் கறந்துவிடலாம். தானே சொல்லிவிட்டவனிடம் அந்தப் பிடி கிடையாது.

வேலை கிடைத்தது. ஆனால் ரகசியக் கோப்புகள் இல்லாத பிரிவில்தான் முதலில் போட்டார்கள். அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். தெர்ஹாட், சூலிட், ரஹ்சியா, ரஹ்சியா பெசார் என்று கோப்புகளுக்கே நான்கு தரம் இருக்கிறது. மேலே போகப் போகச் சோதனையும் இறுகத்தான் வேண்டும்.

வேலைக்கு மனுப் போடுகிறவர் பழைய வழக்கை மறைப்பது பற்றி இந்திய உச்ச நீதிமன்றமும் நிறையவே யோசித்திருக்கிறது. டெல்லி போலீஸ் வேலைக்கு மனுப் போட்ட ஓர் இளைஞர், சமரசத்தில் முடிந்துபோன பழைய அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் சொல்லவில்லை. பின்னால் வந்த பாரத்தில் தானாகவே எழுதினார். வேலை மறுக்கப்பட்டது. 2011இல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இளமையில் செய்யும் தவறுக்கு ஆயுள் முழுக்கக் குற்றவாளி முத்திரை குத்தக் கூடாது என்பது அவர் நிலை. நாவலில் ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீன் கதையையே தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். 2016இல் அவதார் சிங் என்பவரின் வழக்கில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் விதிகளை வகுத்தார்கள். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் மன்னிக்கலாம். பெரிய குற்றத்தை மறைத்தால் நீக்கலாம். உண்மையைச் சொன்னவரையும் வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தக் கடைசி விதியைப் பிள்ளைகளிடம் நான் மறைப்பதில்லை. உண்மை சொன்னாலும் தோற்கலாம்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. சிங்கப்பூரில், ஒரே ஒரு முறை சிறு தண்டனை பெற்றவர் ஐந்து ஆண்டுகள் வேறு குற்றம் செய்யாமல் இருந்தால் அந்தப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். கடுமையான குற்றங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட் டவுனுக்கும் பெயர்ந்த குடும்பங்களில், பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு கைகலப்பில் மாட்டிய பையன்கள் எத்தனையோ பேர். முப்பது வயதில் பிள்ளை குட்டியோடு நிற்பவனிடம் அந்த ஒரு நாளையே கேட்டுக்கொண்டிருப்பது தகாது. நம் நாட்டிலும் இதற்கு ஒரு கால எல்லை வேண்டும். நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் இதைப் பேச வேண்டும்.

அதுவரை தாய் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் 'இல்லைன்னு போடு' என்று சொல்லாதீர்கள். கோர்ட்டுக் காகிதத்தையும் அபராத ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். பதினெட்டு வயதுக்குள் நடந்த வழக்கென்றால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் அதை வேறு விதமாகப் பார்க்கிறது. ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுப் பாரத்தை நிரப்புங்கள்.