பெட்டியும் மாங்காய்ப் பூட்டும்

குஜிலியம்பாறை

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது.

அப்பத்தா வீட்டை எப்போது ஒதுங்கவைக்கப் போகிறீர்கள், வேண்டாததை எடைக்குப் போட்டுவிட்டு வாடகைக்கு விட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். ஸ்வீடனில் வயதானவர்கள் தங்கள் சாமான்களைத் தாங்களே குறைத்துவைத்துவிடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பாரமாக விட்டுப் போவதில்லை என்றும் எழுதியிருந்தாய். மார்கரெட்டா மாக்னுசன் என்ற அம்மையார் 2017இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நல்ல பழக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பத்தா ஏன் அப்படிச் சேர்த்துவைத்தது என்று நீ தெரிந்துகொண்ட பிறகு, எதைக் கழிக்கலாம் என்று நாம் இரண்டு பேரும் பேசலாம்.

நம்முடையது ஆற்றுப் பாய்ச்சல் உள்ள பூமி இல்லை அம்மாடி. மானாவாரிக் காடு. கம்பு, சோளம், கொள்ளு, நிலக்கடலை எல்லாம் வானத்தை நம்பித்தான். ஐப்பசியில் மழை ஏமாற்றினால் அந்த வருஷம் போச்சு. கிணற்றில் கமலை கட்டி இறைத்த நாளில், தண்ணீர் கீழே போய்விட்டால் மாட்டுக்கும் வேலை இல்லை, மனுசனுக்கும் வேலை இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். அப்பத்தா பிறந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். என்றாலும் அந்தப் பஞ்சத்தின் கதையைப் பேசிப் பேசியே பிள்ளை வளர்த்த வீடுகள் இவை. ஒரு நல்ல வெள்ளாமை வந்தால் அது இரண்டு வருஷத்துக்கு வர வேண்டும் என்பதுதான் கணக்கு.

பின்கட்டில் நிற்கும் மண் குலுக்கையை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். மேலே வாயைத் திறந்து தானியத்தைக் கொட்டி மூடிவிடுவார்கள். அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் துணியை அடைத்துவைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் எடுப்பார்கள். விதைச் சோளத்தைச் சாம்பல் கலந்து தனிப் பானையில் வைப்பார்கள். வீட்டில் எத்தனை பசி இருந்தாலும் விதைப் பானையில் கை வைக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டில் வாழ்ந்த ஒருத்திக்குப் பித்தளைத் தவலையும் பழைய சாக்கும் குப்பையாகத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மழையின்மை நம்மைச் சேர்த்துவைக்கப் பழக்கியது என்றால், திண்டுக்கல் நகரத்தைப் பூட்டுச் செய்யப் பழக்கியது. விவசாயத்துக்குத் தண்ணீர் போதாத ஊர் என்பதால்தான் கைகள் பட்டறைப் பக்கம் திரும்பின என்று அங்கே சொல்வார்கள். தொழிலைத் தொடங்கிவைத்தவர்கள் சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் என்பார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட தொழில். கோயில், கிட்டங்கி, வீட்டுக் கதவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு. மணிப்பூட்டில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே மணி அடிக்கும். இருட்டில் யாராவது திறந்தால் வீட்டார் விழித்துக்கொள்வார்கள். இன்னொரு வகையில், மறைவான ஒரு பொத்தானை அழுத்தினால்தான் சாவி வேலை செய்யும்.

அப்பத்தாவின் மரப்பெட்டியில் தொங்குவது மாங்காய்ப் பூட்டு. பெயருக்கு ஏற்றாற்போல் மாங்காய் வடிவம். உள்ளே அடுக்கடுக்காக நெம்புகோல் தகடுகள் இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். தகட்டையும் சாவியையும் அரத்தால் கையிலேயே ராவிச் சேர்ப்பதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்துவது அபூர்வம். அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து இறங்கியபின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பிள்ளைகள் அரம் பிடிக்க வரவில்லை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், ஆனால் அரம் பிடிக்க ஆள் வேண்டுமே என்பதுதான் என் கவலை. அதனால்தான் அந்தப் பூட்டைப் பழைய இரும்போடு போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதன் பல நாள் குனிந்து உட்கார்ந்து செய்த வேலை அது.

கருமாதி முடிந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தோம். உன் இரண்டு அத்தைகளும் பக்கத்தில் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும் என்று நான் உறுதியாக இருந்தேன். மகன்கள் மட்டும் உட்கார்ந்து வீட்டைப் பிரித்து ஒதுக்கிவிட்டுப் பிறகு அக்கா தங்கைக்குச் சொல்லும் வழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. கிணற்றுக்காடு அப்பத்தா பேரில் இருக்கிறது. தாத்தாவும் இல்லை, அப்பத்தா உயிலும் எழுதவில்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. உன் அப்பா முன்னாலேயே போய்விட்டதால் அண்ணன் பங்குக்கு ஒரே பிள்ளையான நீதான் வாரிசு. வீட்டை ஒதுங்கவைப்பது என்று நீ லேசாக எழுதிய வேலையில் உன் உரிமையும் இருக்கிறது, மகளே.

பெட்டிக்குள் நகை எதுவும் இல்லை. கிரயப் பத்திரம், வரி ரசீதுகள், கூட்டுறவுச் சங்கத்தில் நகையை மீட்டபோது கொடுத்த சீட்டுகள், பழைய ரேஷன் அட்டைகள். பத்திரத்தில் நம் ஊர் மதுரை மாவட்டம் என்று இருக்கிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில்தான். நில உடைமைப் பதிவுகளைத் திருத்தி எழுத 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணியின்போது கொடுத்த பட்டாவும் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பணியில் பெயரும் பரப்பும் தப்பாக ஏறியதால் இன்றைக்கும் தாலுகா ஆபீசுக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு. பழைய தாள் கையில் இருந்தால்தான் தப்பைக் காட்ட முடியும். ஆகவே தாளில் ஒன்றைக்கூட இப்போது கிழிக்கவில்லை. ஒரு பாங்குப் பாஸ்புத்தகமும் கிடைத்தது. 10 வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கின் பணத்தை வங்கி ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும். ஆனாலும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றதெல்லாம் சுருக்கம். உடுத்தாத சேலைகளை அத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். மருந்து மாத்திரை, ஓட்டை வாளி, செல்லரித்த பாய் எல்லாம் போய்விட்டன. அண்டாவும் தவலையும் பங்கு பிரிக்காமல் இருக்கின்றன. குலுக்கையை நகர்த்தினால் உடைந்துவிடும். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

இனி நீ செய்ய வேண்டியது. வாரிசுச் சான்றிதழுக்கு இங்கே குஜிலியம்பாறை தாசில்தார் அலுவலகத்தில் மனுப் போடுகிறேன். உன் அப்பாவின் இறப்புச் சான்றும் உன் பிறப்புச் சான்றும் நகல் அனுப்பு. பட்டா மாறுதலுக்கு நீ நேரில் வர முடியாவிட்டால் ஸ்டாக்ஹோமில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு ஒரு பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்பதால், நான் மனுப் போட்டுவிட்டுச் சொன்ன பிறகு அனுப்பினால் போதும். எனக்கே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று இல்லை. உன் பெரிய அத்தை பேரில் எழுதினாலும் சரி, யோசித்துச் செய். பெட்டி சாமானில் உனக்கு எது வேண்டும் என்பதையும் எழுது.

அன்புடன்,
சித்தப்பா