தனிமைக்கு என்ன ரேட்?

"எங்காவது கண்காணாத இடத்துக்குப் போய் நாலு நாள் தனியா இருக்கணும் சார்!" மாதக் கடைசியில் இதைச் சொல்லாத ஆபீஸ் ஆசாமி கிடையாது. நான் சொன்னதோடு நிற்காமல் போயே விட்டேன்.

இரியோமோத்தே. ஜப்பானின் வால் நுனியில், தைவானுக்கு அருகே இருக்கிற தீவு. கொரோனாவுக்காக 2020-ல் சாத்திய கதவை, தனியாக வருகிற டூரிஸ்ட்டுகளுக்கு ஜப்பான் திறந்தது 2022 அக்டோபர் 11-ம் தேதிதான். நவம்பரில் நான் ஆஜர், முதுகில் கூடாரத்துடன்.

தீவில் விமான நிலையம் கிடையாது. இஷிகாகி என்கிற பக்கத்துத் தீவிலிருந்து படகு. வடக்குக் காற்று பலமாக அடித்தால் உயேஹாரா துறைக்குப் போகிற படகு ரத்து. அன்றைக்கும் ரத்து. மறுகோடியில் ஓஹாராவில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

மொத்தம் 289 சதுர கிலோமீட்டர். பத்தில் ஒன்பது பங்கு காடு. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு காட்டுப் பூனை அங்கே வாழ்கிறது, சுமார் 100 மட்டும். 'பூனை குறுக்கே வரும், மெதுவாகப் போ' என்று ரோட்டில் போர்டு. நம்மூரில் பூனை குறுக்கே வந்தால் நமக்குச் சகுனம் சரியில்லை. அங்கே கார் குறுக்கே வந்தால் பூனைக்குச் சகுனம் சரியில்லை!

கடற்கரை ஓரம் கூடாரம் போடும் மைதானம். மணலை உள்ளங்கையில் அள்ளினால் நடுநடுவே குட்டிக் குட்டி நட்சத்திரங்கள். கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் கூடுகளாம். மைதானத்தில் என் கூடாரம் மட்டும். குழாய் எனக்கு, குளியலறை எனக்கு, கடல் மொத்தமும் எனக்கு. முதல் ராத்திரி மகாராஜா. இரண்டாம் ராத்திரி, 'ஹாபு' என்கிற விஷப் பாம்பு நினைவுக்கு வந்து, டார்ச்சும் கையுமாக விடிய விடிய வாட்ச்மேன்.

மூன்றாம் நாள் காலையில் கவனித்தேன். மைதானத்தை நடத்துகிற அம்மாளுக்கு எழுபது வயசிருக்கும். ஒரே ஒருத்தன் உபயோகித்த கழிவறையை, நாற்பது பேர் வந்து போன மாதிரி தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இப்படித்தான் காலியா இருக்குமா?" என்று செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் பேசாமல் உள்ளே போய் ஒரு பதிவேட்டைக் கொண்டு வந்தார். 2019 பக்கங்களில் எழுத இடமில்லாத கூட்டம். 2020 வசந்தத்திலிருந்து பக்கத்துக்கு இரண்டு வரி, மூன்று வரி. அந்த வாரத்தில் ஒரே பெயர். என்னுடையது.

காலேஜில் பி.காம். முதல் வருஷம் உருப்போட்டது ஞாபகம் வந்தது. பெறுபவர் கணக்கில் பற்று எழுது, தருபவர் கணக்கில் வரவு எழுது. அந்த அமைதியைப் பெற்றவன் நான். இரண்டரை வருஷமாகக் காலிக் கல்லாவை வைத்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் வரும்படி பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாள்.

"மறுபடியும் பழைய கூட்டம் வந்துவிடும்" என்று ஆறுதலாகக் காட்டினேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். அவருடைய போன் சொன்ன பதில்: "எல்லாரும் ஒரே நாளில் வேண்டாம். மெதுவாக வரட்டும். ரோட்டில் பூனை இருக்கிறது."

கல்லா காலியாக இருக்கும்போது பூனையை நினைக்கிற முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கூட ஒரு ராத்திரி தங்கினேன், பாம்பு பயத்தையும் மீறி.

நீங்களும் தனிமை தேடி எங்காவது போங்கள் சார். தாராளமாகப் போங்கள். ஆனால் ஆளில்லாத இடம்தானே என்று வாடகையில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.