சேலம் டு ஏற்காடு... வழி: காபி மிஷின்!

காலையில 5.30 மணிக்கு உங்க காதுக்குப் பக்கத்துல யாராவது தரை தோண்டுற டிரில்லரை ஓட்டினா எப்படி இருக்கும்? எங்க வீட்ல தினமும் அதான் நடக்குது பாஸ்! பெங்களூருல வேலை பார்க்கிற அக்கா தன்னோட முதல் போனஸ்ல வாங்கி அனுப்பின காபி மிஷின். கொட்டையை அரைக்கிற சமாசாரமும் அதுக்குள்ளேயே இருக்கு. மேலே வறுத்த கொட்டையைக் கொட்டணும், தண்ணி ஊத்தணும், பட்டனைத் தட்டணும். ‘கர்ர்ர்ர்’... ஒரே நிமிஷத்துல கப்புல டிகாஷன்!

கேட்க ஜாலியா இருக்குல்ல? குடும்பம் நடத்திப் பாருங்க, தெரியும். இது இழுக்கிறது 1,450 வாட். சாதாரண பிளக்கை நம்ப முடியாது, 15 ஆம்ப் வேணும். எங்க வீட்ல அது இருக்கிற ஒரே இடம் பின்கட்டுல, வாஷிங் மிஷின் பக்கத்துல. அதனால எங்க காபி எப்பவும் சோப்பு வாசனையோடதான் பொறக்கும். கரன்ட் போனா இன்வெர்ட்டர் கையை விரிச்சுடும். போர் தண்ணி ஊத்தினா உள்ளே உப்பு படியும். சக்கை விழுற டப்பாவை நாலு நாள் மறந்தீங்கன்னா... வேணாம், சாப்பிடுற நேரமா இருக்கும்.

இதுல எனக்கு உறுத்தின விஷயம் வேற. எங்க அப்பா செவ்வாய்பேட்டையில ஒரு காபித்தூள் கடையில 27 வருஷம் மிஷின் ஓட்டினவர். ரெண்டு வருஷம் முன்னாடி கடையை மூடிட்டாங்க. அக்கா அனுப்பின பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கு அவர் ஒரு வார்த்தை பேசலை. எட்டிப் பார்த்துட்டு, வாசல்ல போய் உட்கார்ந்துட்டார். அவரோட வேலையை ஒரு டப்பாக்குள்ள அடைச்சு அவர் கண்ணு முன்னாடியே வெச்சுட்டோமோனு எனக்கு ராத்திரி தூக்கமே வரலை.

முதல் வாரம் காபி, கழுநீர் மாதிரி. நைசா அரைக்கணும்னு டயலைத் திருகினேன். மாற்றமே இல்லை. இன்னும் திருகினேன். மூணாவது நாள் மிஷின் முக்குது, முனகுது, சொட்டுச் சொட்டா வருது. குடிச்சா கசப்புன்னா கசப்பு. அப்பதான் வாசல்ல இருந்து குரல் வந்துச்சு.

“கண்ணு, தகடு ரொம்ப நெருங்கிடுச்சு. ஓடும்போதே தளர்த்து. நின்ன மிஷின்ல திருகாத.”

சத்தத்தை வெச்சே சொல்றார்! எழுந்து வந்து சக்கையை ரெண்டு விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தார். “மூணு கப் கழிச்சுப் பாரு. இப்ப வர்றது பழைய தூளு.” கையேட்டைப் புரட்டினா அச்சு அசலா அதே இருக்கு, இங்கிலீஷ்ல. மிஷின் கடையிலயும் இதே கதைதானாம். உங்க பொட்டலத்துல முதல்ல விழுற ஒரு கைப்பிடி, உங்களுக்கு முன்னாடி அரைச்சவரோட காபி. இத்தனை வருஷமா ஊரே மாத்தி மாத்திக் குடிச்சிருக்கு!

அம்மா மட்டும் இன்னும் பித்தளை ஃபில்டர் பக்கம்தான். சிக்கரி இல்லாத காபி அவங்களுக்குக் காபியே இல்லை. சிக்கரிங்கிறது ஒரு செடியோட வேர். வறுத்துத் தூளாக்கிக் கலக்கிறாங்க. காஃபின் கிடையாது, ஆனா டிகாஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் அது தர்றதுதான். அந்தத் தூளைக் கொட்டை போடுற இடத்துல போட்டீங்கன்னா மிஷின் காலி.

“கொட்டை சரியில்ல. எண்ணெய் மினுங்குது பாரு, உள்ளே ஒட்டிக்கும்”னு அப்பா ஒரு நாள் ஆரம்பிச்சார். “அப்ப ஏற்காடு போய் வாங்கிட்டு வரலாம்பா”ன்னேன். போன டிசம்பர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிட்டோம்.

சேலத்துல இருந்து 30 கிலோமீட்டர் சுமார்தான். 20 கொண்டை ஊசி வளைவு. ஜன்னல் சீட் பிடிச்சுக்கோங்க, எலுமிச்சம்பழமும் வெச்சுக்கோங்க. மேலே ஏற ஏற சில்வர் ஓக் மரங்க, அதைச் சுத்தி மிளகுக் கொடி, அந்த நிழல்ல காபிச் செடி. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்கே கொண்டு வந்து வெச்ச பயிர். நீங்க மார்ச், ஏப்ரல்ல மழை பெய்ஞ்சதும் போனா வெள்ளை வெள்ளையா பூத்து, மல்லிகை மாதிரி மணக்கும். அதுவும் சில நாள்தான். நாங்க போனது பழ சீஸன்.

பஸ்ல வரும்போது அப்பா சொன்னதை என்னால நம்ப முடியலை. 27 வருஷம் காபி அரைச்சவர், காபிச் செடியைப் பக்கத்துல நின்னு பார்த்ததே இல்லையாம். ஒரே ஒரு தடவை கோடை விழாவுக்கு வந்து, போட்டிங் போயிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிச்சிருக்கார். ஞாயித்துக்கிழமைதான் கடையில கூட்டம், லீவு எங்கே கிடைக்கும்?

எஸ்டேட்ல பழம் பறிச்சுட்டு இருந்த ஒரு அம்மா, சிவந்த பழம் நாலைஞ்சு அவர் கையில போட்டாங்க. ஒண்ணை வாயில போட்டுச் சப்பினார். “இனிக்குதுடா!” சின்னப் பையன் மாதிரி முகம். ஒவ்வொண்ணாப் பிதுக்கினார். ஒட்டின மாதிரி ரெண்டு ரெண்டு கொட்டை. கடைசிப் பழத்துல மட்டும் ஒண்ணே ஒண்ணு, உருண்டையா.

“பீபெரி”ன்னார் மெதுவா. தினமும் நூறு தடவை சொன்ன பேரு. ‘பீபெரி கால், பிளான்டேஷன் ஏ கால்’னு பொட்டலம் கட்டின கை. தனியா உட்கார்ந்திருக்கிறதாலதான் அது உருண்டுக்குதுன்னு அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தார். அந்தக் கொட்டையைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். வளைவு இறங்கி முடியிற வரைக்கும் அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டே வந்தார்.

ரொம்பக் கறுக்காம, மிதமா வறுத்த கொட்டை ஒரு கிலோ வாங்கிட்டு வந்தோம். மறுநாள் 5.30-க்கு மிஷின் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தா, அப்பா அது மேல காதை வெச்சுட்டு நிக்கிறார். வலது கை டயல்ல. அரை இழை திருகினார், கேட்டார், இன்னும் அரை இழை.

இப்போ அந்த டயலைத் தொட எங்க யாருக்கும் அனுமதி இல்லை. அக்கா லீவுல வந்தப்போ ஆசையா கையை நீட்டினா. “இரும்மா, பழைய தூளு போகட்டும்”னு தடுத்துட்டார்.