பின்னாடி வந்த படகு கப் வாங்குற பந்தயம்

பாய்மரப் படகுப் பந்தயம் பத்தி ஒரு டாக்டர் ஏன் எழுதணும்? நியாயமான கேள்விதான்.

பயிற்சி டாக்டர்களுக்கு ஹைப்போதெர்மியா பத்தி, அதாவது உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்குக் குறையறது பத்தி, ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. எங்க ஊர் வெயிலுக்கு அதுக்கெல்லாம் கேஸ் கிடைக்காது. உதாரணம் தேடினப்போ 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தோட விபத்து விவரம் கண்ணுல பட்டுச்சு. குளிரைப் படிக்கப் போனவன் படகுக்கு மார்க் போடுற கணக்குல மாட்டிக்கிட்டேன். இன்னும் வெளிய வரல. கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல அடிப்படை. நடுக்கடல் பந்தயத்துல 100 அடி ராட்சசப் படகும் 33 அடி குட்டிப் படகும் ஒரே வெடிச் சத்தத்துக்குக் கிளம்பும். நீளமான படகு பொதுவா வேகமாத்தான் போகும். அதுல ஓட்டுறவங்க திறமை பாதி, காசு பாதி. அப்போ நல்லா ஓட்டினது யாருன்னு எப்படிச் சொல்றது?

சின்ன வயசுல தெருவுல ஆடும்போது பொடிப் பசங்களை 'ஒப்புக்குச் சப்பாணி'யா சேர்த்துக்குவோம். (இப்போ அந்த வார்த்தை உறுத்துது, ஆனா அப்போ அப்படித்தான் சொன்னோம்.) அவன் அவுட்டானாலும் கணக்கு கிடையாது, ஜெயிச்சாலும் கிடையாது. ஹேண்டிகேப் ரேட்டிங் அதுக்கு நேர் எதிர். சின்னப் படகையும் கணக்குல சேர்க்கிறதுக்கான வழி அது.

ஒவ்வொரு படகுக்கும் நீளம், எடை, பாய் அளவு எல்லாம் பார்த்து ஒரு எண் கொடுப்பாங்க. எடுத்துக்கிட்ட நேரத்தை அந்த எண்ணால பெருக்கணும். பெரிய படகுக்கு 1.900, சின்னதுக்கு 0.950ன்னு வெச்சுக்குவோம். பெரியது 40 மணி நேரத்துல வந்தா அதோட கணக்கு 76 மணி. சின்னது 79 மணி நேரம் எடுத்தாலும் கணக்கு 75 மணிதான். ஒன்றரை நாள் லேட்டா வந்தது ஜெயிச்சுடுச்சு!

ஆஸ்திரேலியாவோட சிட்னி - ஹோபார்ட் பந்தயம் 1945ல தொடங்கினது. வருஷா வருஷம் டிசம்பர் 26 கிளம்பும். 628 கடல் மைல், கிட்டத்தட்ட 1,160 கிலோமீட்டர். முதல்ல கரை தொடுற படகைத்தான் டிவியில காட்டுவாங்க. ஆனா பந்தயத்தோட முக்கியப் பரிசான டாட்டர்சால் கப் இந்தக் கணக்குல ஜெயிக்கிற படகுக்குத்தான்.

எங்க தொழில்லயும் இதே தலைவலி உண்டு. பல இடத்துல கைவிட்ட கேஸ் கடைசி நேரத்துல பெரியாஸ்பத்திரிக்கு வரும். சாவு எண்ணிக்கையை மட்டும் எண்ணினா பெரியாஸ்பத்திரி மோசம்னு தோணும். அதனால நோயாளி வரும்போதே எவ்வளவு முடியாம இருந்தார்னு ஸ்கோர் போட்டு, அதை வெச்சுத்தான் ஒப்பிடணும். இதுவும் ஹேண்டிகேப்தான். ஸ்கோர் வந்த உடனே அதை வளைக்கிற புத்தியும் வந்துடும்ங்கிறது வேற விஷயம்.

படகுலயும் அதுதான் நடந்துச்சு. 1970கள்ல உலகம் முழுக்க ஐஓஆர்னு ஒரு விதி இருந்தது. படகோட உடம்புல சில குறிப்பிட்ட இடங்கள்ல மட்டும் அளவெடுப்பாங்க. டிசைனர்கள் என்ன பண்ணாங்க? அந்த இடத்துல மட்டும் புடைப்பு வெச்சாங்க, பின்பக்கத்தைக் கிள்ளின மாதிரி சுருக்கினாங்க. சுகர் டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் சோத்தைக் குறைச்சுட்டு வந்து, "பாருங்க சார், நார்மல்"னு சிரிக்கிற நம்ம ஆளுங்க மாதிரியே. இது வரைக்கும் சிரிச்சுட்டுப் போயிடலாம்.

அடுத்ததுதான் சிரிக்க முடியாதது. சாயாம நிமிர்ந்து நிக்கிற தெம்பு அதிகமா இருந்தா படகு அதிகப் பாய் தாங்கும், வேகமா போகும். அதனால அந்தத் தெம்புக்கும் ரேட்டிங் ஏறும். அதை எப்படி அளந்தாங்க? துறைமுகத்துல, அலையில்லாத தண்ணியில, பக்கவாட்டுல எடை தொங்கவிட்டு, லேசா சாய்ச்சுப் பார்ப்பாங்க. அவ்வளவுதான். ரெஸ்ட்ல எடுத்த ஈசிஜி மாதிரி. படுத்திருக்கும்போது நார்மல், மாடிப்படி ஏறினா என்ன ஆகும்னு அது சொல்லாது. தெம்பு குறைஞ்ச படகுக்கு ரேட்டிங் சலுகை கிடைச்சதால அப்படிப்பட்ட படகுகள் பெருகிச்சு. அகலமா, லேசா, ஓரத்துல ஆளுங்க உட்கார்ந்து சமாளிக்கிற மாதிரி.

1979 ஆகஸ்ட். இங்கிலாந்தோட கௌஸ்ல இருந்து அயர்லாந்து பக்கத்துல இருக்கிற ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுத்திட்டு பிளிமத் வரணும். கிளம்பினது 303 படகு. 13ஆம் தேதி ராத்திரி புயல். பந்தயத்துல இருந்தவங்கள்ல 15 பேர் செத்துப் போனாங்க. ஆளுங்க விட்டுட்டு வெளியேறின படகு 24. அதுல மூழ்கினது 5 மட்டும். மீதி அப்புறம் மிதந்துட்டு இருந்துச்சு. நம்பி ஏறின ரப்பர் மிதவை கவுந்து செத்தவங்களும் இருந்தாங்க.

மிகச் சின்னப் படகுகளோட பிரிவுல பந்தயத்தை முடிச்சது ஒண்ணே ஒண்ணு. பேரு அசென்ட், கான்டெஸ்ஸா 32 ரகம். பழைய பாணி, குறுகலான, கனமான படகு. பிறகு அந்த ரகத்தையும், ரெண்டு பேர் செத்துப்போன கிரிமால்கின்ங்கிற ரேஸ் படகையும் ஒப்பிட்டாங்க. கான்டெஸ்ஸா சுமார் 155 டிகிரி சாஞ்சாலும் திரும்பி எழும். கிரிமால்கினுக்கு அது சுமார் 117 டிகிரி. அதைத் தாண்டினா தலைகீழாவே 'செட்டில்' ஆகிடும். அடியில மாட்டினவங்களுக்கு இருக்கிறது நிமிஷக் கணக்கு. புயல்தான் முதல் காரணம், மறுக்கல. அந்த அலையில நல்ல படகும் உருண்டிருக்கும். ஆனா உருண்ட படகு எழுமா எழாதான்னு ஓரளவுக்கு முடிவு பண்ணினது ரேட்டிங் விதி. அதை எழுதினவங்க யாரும் அப்படி நினைச்சிருக்க மாட்டாங்க.

அப்புறம் விதிகள் மாறிச்சு. அமெரிக்காவுல எம்ஐடில நடந்த ஆராய்ச்சியில இருந்து, படகோட முழு வடிவத்தையும் அளந்து எந்தக் காத்துல என்ன வேகம் போகும்னு கம்ப்யூட்டர்ல கணிக்கிற முறை வந்துச்சு. ஃபாஸ்டிங் சுகரை விட்டுட்டு ஹெச்பிஏ1சி பார்க்கிற மாதிரி. ரெண்டு நாள் பத்தியத்துல ஏமாத்த முடியாது. இன்னைக்கு ஓஆர்சிங்கிறது அந்த வழியில வந்ததுதான்.

ஐஆர்சின்னு இன்னொண்ணு இருக்கு. சிட்னி - ஹோபார்ட் கப்புக்கு இப்போ இதுதான். இங்கிலாந்தோட ராயல் ஓஷன் ரேசிங் கிளப்பும் ஒரு பிரெஞ்சு கிளப்பும் சேர்ந்து உருவாக்கினது. இதோட ஃபார்முலா ரகசியம்! படகுக்கு என்ன எண்ணுன்னு எல்லாருக்கும் தெரியும், அது எப்படி வந்துச்சுன்னு தெரியாது. தெரிஞ்சா டிசைனர்கள் ஓட்டை கண்டுபிடிச்சுடுவாங்கன்னு வாதம். ஃபாஸ்ட்நெட் பந்தயத்தை நடத்துறதும் அதே ராயல் ஓஷன் கிளப்தான். வினாத்தாள் எழுதுறவரும் திருத்துறவரும் ஒருத்தரே. எனக்கு இது உறுத்துது. ஆனா ரகசியத்துலயும் நியாயம் இருக்கு, என்னால முழுசா எதிர்க்க முடியல. ரேட்டிங் தப்புன்னு தோணினா மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வழி வெச்சிருக்காங்க. அது இல்லாம இருந்தா நான் ஓஆர்சி பக்கம் போயிருப்பேன்.

நல்ல விதி மட்டும் போதாதுன்னு காட்டினது 1998. அந்த சிட்னி - ஹோபார்ட்ல 115 படகு கிளம்பிச்சு, 44தான் ஹோபார்ட் சேர்ந்துச்சு. 6 பேர் இறந்தாங்க, 55 பேரைக் கடல்ல இருந்து மீட்டாங்க. பிசினஸ் போஸ்ட் நயாட்ங்கிற படகுல ரெண்டு பேர்: ஒருத்தர் மாரடைப்புல, இன்னொருத்தர் படகு கவுந்தப்போ மூழ்கி. நியூ சவுத் வேல்ஸ் மரண விசாரணை அதிகாரி தோண்டினப்போ தெரிஞ்சது: சாஞ்சா எழும் அளவு அந்தப் படகுக்குப் போட்டி விதி கேட்டதைவிடக் குறைவு. அந்த எண் சான்றிதழ்லயே அச்சாகி, கிளப்கிட்ட தாக்கலாகியும் இருந்துச்சு. யாரும் பார்க்கல.

டாக்டர்களே, இதைப் படிச்சப்போ வயித்தைப் பிசையுதுல்ல? பொட்டாசியம் 7ன்னு லேப் ரிப்போர்ட் வந்து, கேஸ் ஷீட்ல ஒழுங்கா குத்தி வெச்சு, ராத்திரி முழுக்க ஒருத்தரும் புரட்டாம இருந்த மாதிரி. 1979ல அந்த எண்ணை அளக்கவே இல்ல. 1998ல அளந்து, அச்சடிச்சு, ஃபைல்ல போட்டுட்டாங்க.

2000ல வந்த தீர்ப்புல கிளப்போட நிர்வாகத்துக்குக் கடுமையான கண்டனம். கிளப்பும் அதுக்கு முன்னாடியே விதிகளை இறுக்க ஆரம்பிச்சிருந்தது. அதுல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாஸ் ஜலசந்திக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி கிரீன் கேப்னு ஒரு முனை வரும். அங்க ஒவ்வொரு படகும் ரேடியோவுல கூப்பிட்டுச் சொல்லணும்: உயிர்காப்பு மிதவை இருக்கு, ரேடியோ வேலை செய்யுது, எஞ்சின் ஓடுது, வானிலை பார்த்தாச்சு, படகும் ஆளுங்களும் தொடரத் தகுதியா இருக்கோம். சொல்லாம தாண்டக்கூடாது. 100 அடிப் படகுக்கும் 33 அடிப் படகுக்கும் ஒரே கேள்விகள், அதுக்கு மட்டும் ஹேண்டிகேப் கிடையாது.